குகைக்குள்ள டிரோன் பறக்கும், ஆனா நின்ன இடத்துல நிக்குமா?

கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். "249 கிராம் மினி டிரோன் வச்சிருக்கேன், டிசம்பர்ல நாலு பேரா மேகாலயா போறோம், அங்க குகைக்குள்ள பறக்க விட்டு வீடியோ எடுக்கணும், உள்ள ஜிபிஎஸ் வராதாமே, பறக்குமா இல்ல விழுந்துருமா, என்ன செட்டிங் வைக்கணும்"னு கேட்டிருக்கீங்க. பறக்குமான்னா பறக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா உங்க மனசுல இருக்கறது அது இல்லன்னு நினைக்கறேன். ரிமோட்ல ஸ்டிக்க விட்டா நின்ன இடத்துல நிக்குமா, சிக்னல் போனா அது என்ன பண்ணும், போனது கைக்குத் திரும்பி வருமா, இந்த மூணும்தான் நிஜமான கேள்வி. அதுக்கு ஒரு செட்டிங்க சொல்லிட்டுப் போயிர முடியாது, அதான் நீளமா எழுதறேன், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் சர்வே வேலைல இருக்கேன். எட்டு வருஷமா நீர்மின் திட்ட டனல், உலோக மைன் இதுக்குள்ள டிரோன் ஓட்டறதுதான் பொழப்பு. இயற்கையா உண்டான குகைல ஓட்டினது ரெண்டே தடவ. மேகாலயாவுக்கு ஒருமுறை போயிருக்கேன், ஆனா சும்மா சுத்திப் பாக்க, கைல டிரோன் இல்ல. அதனால டனல் பத்தி சொல்றத என் அனுபவமா எடுத்துக்கங்க, குகை பத்தி சொல்றதுல பாதி, டனல்ல பாத்தத வச்சு சொல்றதுதான்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்த எடுத்துரலாம். டிரோன காத்துல தூக்கி வச்சிருக்கறது ஜிபிஎஸ் இல்ல. சாயாம நேரா நிக்க வைக்கறது உள்ள இருக்கற கைரோவும் (சுழற்சிய அளக்கற சென்சார்) ஆக்ஸிலரோமீட்டரும் (வேகம் மாறறத அளக்கற சென்சார்), அது பாதாளத்துக்குப் போனாலும் வேலை செய்யும். ஜிபிஎஸ் பண்றது ஒண்ணே ஒண்ணு, "நீ இந்த எடத்துல இருக்க, காத்து உன்ன தள்ளுது, திரும்பி வா"ன்னு சொல்றது. அந்த சிக்னல் 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல இருந்து வருது, தரைக்கு வந்து சேரும்போது ஒரு வாட்ட நூறு கோடி கோடி பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு அளவுதான் மிச்சம் இருக்கும். கான்கிரீட் கூரையே பாதிய முழுங்கிரும், நாலு மீட்டர் பாறைக்குக் கீழ கேக்கவே வேண்டாம்.

சரி, அந்த கைரோ ஆக்ஸிலரோமீட்டர வச்சே எவ்வளவு நகர்ந்தோம்னு கணக்கு போட்டுக்கலாமேன்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் ஆரம்பத்துல தோணுச்சு. கணக்கு போட்டுப் பாருங்க. சென்சார்ல 0.01 மீட்டர்/செகண்ட் ஸ்கொயர் அளவுக்கு ஒரு சின்ன பிழை இருந்தா பத்து செகண்ட்ல அரை மீட்டர் தப்பாகும், பரவால்லன்னு தோணும், ஆனா ஒரு நிமிஷத்துல அதே பிழை 18 மீட்டர் ஆயிரும், ஏன்னா நேரத்தோட வர்க்கத்துல ஏறுது. உங்க மினில இருக்கற மலிவு சிப்புல பிழை இதைவிட அதிகமாத்தான் இருக்கும். அதனால வெளிய இருந்து யாராவது ஒருத்தர் "நீ நகர்ற"ன்னு சொல்லிட்டே இருக்கணும். மேல சாட்டிலைட் சொல்லுச்சு. கீழ யாரு சொல்றது?

வயித்துல இருக்கற கேமரா சொல்லும். மினி மாதிரி டிரோனுக்கு அடில ஒரு சின்ன கேமராவும் உயரம் பாக்கற சென்சாரும் இருக்கு. தரைல இருக்கற புள்ளி, கீறல், கல்லு இதெல்லாம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து, அதுக்கு எதிர்ப்பக்கம் தன்ன நிறுத்திக்கும். உங்க வீட்டு ஹால்ல டிரோன் நிக்குதுன்னா இதாலதான். டிஜேஐ கம்பெனியோட மினி 2 மேனுவல்ல இதுக்கு அரை மீட்டர்ல இருந்து 10 மீட்டர் உயரம், 15 லக்ஸ் வெளிச்சம்னு போட்டிருக்கும், தெருவிளக்குக்குக் கீழ நிக்கறோமே, ஏறக்குறைய அந்த அளவு வெளிச்சம். தரைக்கும் ஒரு முகம் வேணும். எங்க வீட்டு மொட்டை மாடில பளபளன்னு கூலிங் டைல்ஸ் போட்ட பக்கம் ராத்திரி லைட் போட்டு விட்டா டிரோன் சறுக்கிட்டே போகும், அதே மாதிரி வாசல்ல புள்ளிக்கோலம் போட்ட எடத்துக்கு மேல விட்டா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். எங்க அம்மா போட்ட கோலத்துக்கு மேலதான் நான் முதல் டெஸ்ட் பண்ணேன், திட்டும் வாங்கினேன், அது வேற கதை.

வெளிச்சமும் தரையும் இல்லாத நிமிஷம் டிரோன் ஆட்டி மோடுக்குப் போயிரும். அதாவது சாயாம நிக்கும், உயரத்த ஓரளவு புடிச்சுக்கும், ஆனா எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியாது. ஐஸ் மேல வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி, லேசா தள்ளினாலும் போயிட்டே இருக்கும். குகைக்குள்ள காத்து இருக்காதுன்னு நினைக்காதீங்க, ரெண்டு வாய் இருக்கற குகைல வெளிய சூடா உள்ள குளிரா இருந்தா புகைக்கூண்டு மாதிரி இழுக்கும். ஆட்டில ஓட்டறது தப்பில்ல, எஃப்பிவி பசங்க, அதாவது கண்ணாடி மாட்டி டிரோன் கேமரா வழியாவே பாத்து ஓட்டறவங்க, அதைவிட கஷ்டமான மோடுல ஜன்னல் வழியா உள்ள வந்து வெளிய போறாங்க, ஆனா அது கைப்பழக்கம். ஸ்டிக்க விட்டா நிக்கும்னு பழகின கை, நிக்காதப்ப என்ன பண்ணும்? பதட்டத்துல ஸ்டிக்க விடும். அவ்வளவுதான் கதை.

வெளிச்சம்தானே, டிரோன்லயே ஒரு டார்ச்ச கட்டி விட்டுருவோம்னு நினைப்பீங்க. நானும் கட்டினேன், கேபிள் டை போட்டு. ஒடுக்கமா விழற டார்ச்சு வட்டம் தரைல தெரியும்ல, அந்த வட்டத்தோட ஓரம்தான் கேமராவுக்கு பளிச்சுன்னு தெரியற விஷயம், அது டிரோன் கூடவே நகரும். கேமரா பாத்துட்டு "தரை அசையல, அப்ப நானும் அசையல"ன்னு முடிவு பண்ணிரும். டிரோன் பாட்டுக்கு சுவத்த நோக்கி மிதந்து போகுது, ஆப்ல எந்த வார்னிங்கும் இல்ல. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு செட் ப்ரொப்பெல்லர் செலவாச்சு. டிரோன்ல கட்டினா நல்லா பரவி விழற லைட்டா இருக்கணும், அதைவிட நல்லது தரைல ட்ரைபாட் வச்சு ரெண்டு பக்கமும் எல்இடி பேனல். அதுலயும் ஆளுங்க லைட்டுக்கு முன்னாடி நடந்தா நிழல் ஓடும், டிரோனும் நிழல் பின்னாடி லேசா ஓடும், அதனால பறக்கும்போது எல்லாரும் ஒரே எடத்துல உக்காரணும். இன்னொண்ணு, கட்டின லைட்டு, ப்ரொப்பெல்லர் கார்டு எல்லாம் சேத்தா 249 கிராம் 250-ஐ தாண்டிரும். 2021 டிரோன் ரூல்ஸ்படி 250 கிராம் வரைக்கும்தான் நானோ, அதுக்கு மேல போனா மைக்ரோ. வீட்டுத் தராசுல வச்சு பாத்துக்கங்க.

தண்ணி வேற. குகைத் தரைல தேங்கின தண்ணி மேல ஒரு மீட்டர்ல பறந்தா டிரோன் காத்துலயே அலை கிளம்பும், அந்த அலைய தரைன்னு நம்பி அது கூடவே நகரும். தூசியும் அப்படித்தான், மண்ணு கிளம்பி லைட்டுல மின்னும்போது கேமராவுக்கு ஊரே ஓடற மாதிரி தெரியும். வௌவால் எச்சம் காஞ்சு கிடக்கற எடத்துல இது டிரோன் பிரச்சனை மட்டும் இல்ல, அந்தத் தூசில இருக்கற பூஞ்சை நுரையீரலுக்குள்ள போனா ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்னு ஒரு நோய் வரும், இறக்கைக் காத்து அதை அப்படியே முகத்துக்கு நேரா கிளப்பி விடும். அப்படி எடம்னா டிரோன பைல இருந்து வெளியவே எடுக்காதீங்க.

மேல கூரையும் ஆபத்துதான். தரைகிட்ட வந்தா டிரோன் மெத்தைல உக்காந்த மாதிரி கொஞ்சம் மிதக்கும்ல, கூரைகிட்ட போனா இதுக்கு உல்டா, இறக்கைக்கு மேல காத்து கம்மியாகி கூரை பக்கமா உறிஞ்சும். ஒரு சாண் அளவுக்குக் கிட்ட போயிட்டா த்ராட்டில குறைக்கறதுக்குள்ள ஒட்டிரும், ஒட்டினா இறக்கை உடையும். சின்ன குழில எல்லாப் பக்கமும் காத்து திரும்பி வந்து அடிக்கும், டிரோன் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். என் கணக்குல மினி சைஸ் டிரோனுக்கு சுத்தி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டராவது இடம் வேணும். இது எந்த மேனுவல்லயும் இருக்கற நம்பர் இல்ல, நான் உடைச்சத வச்சு சொல்றேன்.

காம்பஸ் பத்தி சுருக்கமா. டனல்ல தண்டவாளம், கம்பி, ராக் போல்ட்னு இரும்பா இருக்கும், காம்பஸ் எரர் கத்திட்டே இருக்கும், சுண்ணாம்புக் குகைல அந்தத் தொல்லை ரொம்ப கம்மி. எரர் வந்தா உள்ளயே நின்னு கேலிப்ரேட் பண்ணாதீங்க (திசைய புதுசா சரி பண்ணி வைக்கறது), தப்பான எடத்துல பண்ணின கேலிப்ரேஷன் வெளிய வந்தப்புறமும் கூடவே வரும். உயரத்துக்கு பாரோமீட்டரும் பாக்குது, டனல்ல பெரிய ஃபேன் ஆன் பண்ணினா காத்தழுத்தம் மாறி திடீர்னு அரை மீட்டர் ஏறும் எறங்கும். குகைல ஃபேன் இல்ல, விடுங்க.

இப்ப சிக்னல். டிரோன் தொலையறதுக்கு ஜிபிஎஸ் இல்லாதது காரணம் இல்ல, ரிமோட் சிக்னல் போறதுதான் காரணம், நான் பாத்த எல்லா கேஸ்லயும். வெளிய பத்து கிலோமீட்டர் போகும்னு டப்பால போட்டிருப்பான், உள்ள ஒரு வளைவு திரும்பினா முப்பது மீட்டர்ல கட் ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளமே 12.5 சென்டிமீட்டர், 5.8-ல அது 5 சென்டிமீட்டர், இதெல்லாம் பாறைய சுத்தி வளைஞ்சு வராது. நேரான டனல்ல மட்டும் ஆச்சரியமா நல்லா போகும், சுவரே குழாய் மாதிரி அலைய கொண்டு போகும், அதை நம்பித்தான் ஏமாறுவோம், ஏன்னா முழு சிக்னல்ல இருந்து ஜீரோவுக்கு ஒரே திருப்பத்துல போயிரும், நடுவுல எச்சரிக்கையே கிடையாது. என் ரூல் ரொம்ப சிம்பிள், கண்ணுல இருந்து மறையற எடத்துக்கு டிரோன் போகக்கூடாது. மறையணும்னா நான் நடந்து அந்தத் திருப்பத்துல நின்னுக்குவேன்.

சிக்னல் போனா என்ன பண்ணணும்னு ஆப்ல மூணு சாய்ஸ் இருக்கும், ரிட்டர்ன் டு ஹோம், இறங்கு, அப்படியே நில்லு. ரிட்டர்ன் டு ஹோம குகைக்குள்ள கண்டிப்பா வைக்காதீங்க. உள்ளயே டேக் ஆஃப் பண்ணினா ஹோம் பாயிண்ட்டே பதிவாகியிருக்காது, அதுக்கு வீடு எதுன்னே தெரியாது. வெளிய டேக் ஆஃப் பண்ணி உள்ள போனா இன்னும் மோசம், வாய்ப் பக்கத்துல ஜிபிஎஸ் கொஞ்சம் கிடைச்சதும் செட் பண்ணின உயரத்துக்கு ஏறப் பாக்கும், மேல இருக்கறது பாறை. மிச்சம் ரெண்டுல எதுன்னு எங்க டீம்லயே சண்டை உண்டு. நான் நில்லு கட்சி, நாலு எட்டு முன்னாடி நடந்தா பெரும்பாலும் சிக்னல் திரும்பிரும். என் கூட வேலை பாக்கறவர் இறங்கு கட்சி, இருட்டுல நில்லுன்னா நிக்காது, மிதந்து போய் மோதும்பார், அவர் சொல்றதும் சரிதான். அதனால தரை காய்ஞ்சு சமமா இருந்தா இறங்கு, கீழ தண்ணியோ பள்ளமோ இருந்தா நில்லு. இடத்தப் பாத்துட்டு, பறக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க.

வாய்ப் பக்கம்னு சொன்னேன்ல, அது பத்தி ஒரு அனுபவம். ஹிமாச்சல்ல ஒரு டனல்ல பன்னிரண்டு நிமிஷம் அழகா ஓட்டிட்டு வெளிய கொண்டு வரேன், வெளிச்சம் தெரியுது, கடைசி இருபது மீட்டர், இனி என்னன்னு தோள கொஞ்சம் தளர்த்தினேன். அந்த நேரம் பாத்து டிரோனுக்கு நாலஞ்சு சாட்டிலைட் கிடைச்சிருச்சு, மலைல பட்டு திரும்பி வந்த சிக்னல், இடம் தப்பு, டிரோன் அதை நம்பி சடார்னு எடப்பக்கம் தன்ன "சரி" பண்ணிக்கிச்சு. ஷாட்கிரீட்ல, அதாவது டனல் சுவர்ல பீச்சி அடிச்ச கான்கிரீட்ல, மோதி கேமராவ தாங்கற கிம்பல் தனியா விழுந்துச்சு. தப்பு என்னோடதுதான். அதுக்கப்புறம் வாய்ல இருந்து முப்பது மீட்டர் உள்ளயே லேண்ட் பண்ணி கைல எடுத்துட்டு நடந்து வரேன். நீங்களும் குகைக்குள்ள எடுத்துட்டுப் போய், உள்ளயே பறக்க விட்டு, உள்ளயே இறக்குங்க. பாதி உள்ள பாதி வெளியங்கற ஷாட் வீடியோல அழகா இருக்கும், ஆனா இருக்கறதுலயே ஆபத்தான ஷாட் அதுதான்.

காசு போட்டா இதெல்லாம் தீருமான்னா, பாதி தீரும். ஸ்விட்சர்லாந்து ஃப்ளையபிலிட்டி கம்பெனியோட எலியோஸ் டிரோன் ஒரு கூண்டுக்குள்ள இருக்கும், மோதினாலும் விழாது, 2022-ல வந்த எலியோஸ் 3-ல லைடாரும் உண்டு, லேசர்ல தூரம் அளக்கற கருவி. ஆஸ்திரேலியால எமசென்ட்டோட ஹோவர்மேப் இருக்கு. இவை லேசர்ல சுத்தி இருக்கற சுவர அளந்து, மேப் போட்டுட்டே அந்த மேப்லயே தன் இடத்தக் கண்டுபிடிச்சுக்கும், இருட்டு பிரச்சனையே இல்ல. ஆனா வழுவழுன்னு ஒரே மாதிரி நீளமா போற டனல்ல லேசருக்கும் குழப்பம் வரும், பத்து மீட்டர் முன்னாடியும் அதே வட்டம், பின்னாடியும் அதே வட்டம், நகர்ந்தோமா இல்லையான்னு எப்படித் தெரியும்? அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டார்பா இதுக்குன்னே பூமிக்கடில ஒரு போட்டி வச்சாங்க, 2021 செப்டம்பர்ல லூயிவில்ல இருக்கற மெகா கேவர்ன்ல ஃபைனல். ஜெயிச்ச செர்பெரஸ் டீமுக்கு 20 லட்சம் டாலர் பரிசு. அந்த டீமுல டிரோன் இருந்தும் நாலுகால் ரோபோதான் நிறைய வேலை பாத்துச்சு, சிக்னலுக்கு வழி நெடுக ரேடியோ பெட்டிய போட்டுட்டே போனாங்க. அவ்வளவு பணம் இருந்தும் பாறைய மீறி சிக்னல் அனுப்ப வேற வழி கிடைக்கல பாருங்க. 2023-ல உத்தராகண்ட் சில்க்யாரா டனல்ல 41 பேர் மாட்டினப்பவும், உள்ள இருந்தவங்க முகத்த முதல்ல காட்டினது ஆறு இஞ்ச் குழாய்க்குள்ள விட்ட எண்டோஸ்கோப் கேமராதான். குகைல தவழ்ந்து போற மாதிரி சந்து இருந்தா டிரோன மூட்டை கட்டி வச்சுட்டு ஒரு நீளக் குச்சில ஆக்ஷன் கேமராவக் கட்டுங்க, இதைவிட நல்ல ஷாட் வரும்.

மேகாலயான்னு பாத்தா, மாஸ்மாய் குகைல விடவே விடாதீங்க, நூத்தி ஐம்பது மீட்டர் நீளம், சந்து மாதிரி, டூரிஸ்ட் கூட்டம், யார் காதையாவது சீவிரும். அங்க குகைய க்ரெம்னு சொல்வாங்க. க்ரெம் லியாட் ப்ரா 30 கிலோமீட்டருக்கு மேல, க்ரெம் புரி 24.5 கிலோமீட்டர், அதெல்லாம் நாலு நண்பர்கள் போய் சுத்திட்டு வர எடம் இல்ல. நிலம் பெரும்பாலும் குலத்துக்கோ ஊருக்கோ சொந்தம், காசி மலைல ஊர்த் தலைவர ரங்பா ஷ்னோங்னு சொல்வாங்க, அவர்கிட்ட நேர்ல போய் கேக்கணும். ஷில்லாங்ல மேகாலயா அட்வென்ச்சரர்ஸ் அசோசியேஷன் 1992-ல இருந்து வெளிநாட்டு ஆளுங்களோட சேந்து குகை அளந்துட்டு வராங்க, எந்த குகைல பெரிய ஹால் இருக்கு, எதுல வௌவால் தூங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். டிசம்பர்னு திட்டம் போட்டது நல்லது, மழைக்காலத்துல அந்தக் குகைங்க ஆறு மாதிரி ஓடும். பங்களாதேஷ் பார்டர் கிட்ட, அதனால குகைக்கு வெளிய ஒரு ஷாட் எடுக்கணும்னாகூட எங்க டிரோன் பறக்கலாம்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாத்துட்டு எடுங்க.

இதெல்லாத்தையும்விட முக்கியமா ஒண்ணு சொல்லணும். டிரோன் விழுந்தா எடுக்கப் போகாதீங்க. மைன்ல கூரைக்குத் தாங்கு குடுக்காத எடத்துக்கு மனுஷன் போகக் கூடாதுங்கறது ரூல், அதுக்காகத்தான் டிரோனையே அனுப்பறோம், போனது விழுந்தா அப்படியே விட்டுட்டு வரோம், என் கணக்குல அப்படி மூணு டிரோன் பாறைக்கடில கிடக்கு. இருட்டுல அந்த முப்பதாயிரம் அம்பதாயிரம் நினைப்புல ஈரப் பாறைல கால வைக்கத் தோணும். கிளம்பறதுக்கு முன்னாடியே நாலு பேரும் "விழுந்தா போச்சு"ன்னு வாய் விட்டு சொல்லிக்கங்க, மெமரி கார்ட்ல பழைய வீடியோ இருந்தா முன்னாடியே காப்பி எடுத்துருங்க. இந்த முடிவ எடுக்க முடியலன்னா டிரோன ஹோட்டல் ரூம்லயே விட்டுட்டு போங்க, தப்பே இல்ல. கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம், எலிவளை மாதிரி குழி ஜைந்தியா மலைல நிறைய இருக்கு, அது பக்கமே போகாதீங்க, மீத்தேன் காத்துல 5-ல இருந்து 15 சதவீதம் இருந்தா ஒரு பொறி போதும், உங்க டிரோன் மோட்டார் பொறி வராத மாதிரி செஞ்சதில்ல.

இன்னும் நாள் இருக்கு, வீட்டுல பழகுங்க. ராத்திரி ஹால்ல லைட்ட அணைச்சுட்டு, ஒரு எமர்ஜென்சி லைட்ட ஓரமா வச்சு, தரைல பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு விட்டுப் பாருங்க. அப்புறம் பேப்பர ஒவ்வொண்ணா எடுங்க, எந்த எடத்துல சறுக்க ஆரம்பிக்குதுன்னு தெரியும். அப்புறம் லைட்டையும் குறைங்க, ஆட்டிக்குப் போனதும் கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. பத்து ராத்திரி பண்ணினா போதும். ஃபேன ஆஃப் பண்ண மறந்துராதீங்க, என் முதல் மினி போனது குகைலயும் இல்ல டனல்லயும் இல்ல, சீலிங் ஃபேன்ல. மாடல் எதுன்னு நீங்க சொல்லல, மினி 2-வா 4 ப்ரோவா? 4 ப்ரோன்னா சுத்தி இருக்கற சென்சார் வெளிச்சம் இருந்தா நல்லா காப்பாத்தும், ஆனா ரெண்டு மீட்டர் சந்துல அதுவே முன்னாடி போக விடாம நிறுத்தி வச்சுரும், அதுக்கு வேற மாதிரி செட் பண்ணணும். மாடல சொல்லுங்க, அந்த மெனுவ மட்டும் தனியா எழுதறேன்.